பள்ளியில் மனநலக் கணக்கெடுப்பு: ஒப்புதல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளியில் மாணவர்களின் மனநலம் பற்றிக் கணக்கெடுப்பு நடக்கப் போகிறது என்றால், பெற்றோர் கூட்டத்திலும் ஆசிரியர் அறையிலும் ஆய்வுக் குழுவுக்குள்ளும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான் எழுகின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். சில கேள்விகள் பெற்றோருடையவை, சில ஆசிரியர்களுடையவை, சில மாணவர்களுடையவை. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அதனால் சட்ட விஷயத்தில் உங்கள் ஊர் விதியையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

மனநலக் கணக்கெடுப்புன்னா என்ன? என் பிள்ளைக்கு ஏதோ பிரச்சினை இருக்குன்னு சொல்றாங்களா?

இல்லை. இந்த வயதுப் பிள்ளைகள் மொத்தத்தில் எப்படி இருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் கணக்கெடுப்பு. எத்தனை பேருக்குச் சரியான தூக்கம் இல்லை, எத்தனை பேர் தனிமையாக உணர்கிறார்கள், எத்தனை பேர் கேலிக்கும் அடிக்கும் ஆளாகிறார்கள் என்ற எண்ணிக்கைகள் அதிலிருந்து கிடைக்கும். உலக சுகாதார நிறுவனம் 2003 முதல் பல நாடுகளில் 13 முதல் 17 வயது மாணவர்களிடம் இப்படி ஒன்று நடத்திவருகிறது. ஐரோப்பாவிலும் கனடாவிலும் நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை 11, 13, 15 வயதினரிடம் இன்னொன்று நடக்கிறது. உங்கள் வீட்டுக்குக் கடிதம் வந்திருந்தால், பெரும்பாலும் அந்த வகுப்பில் இருக்கும் எல்லார் வீட்டுக்கும் வந்திருக்கும்.

ஸ்கிரீனிங் என்பது வேறு. யாருக்கு உதவி தேவைப்படுகிறது என்று பெயரோடு தேடிக் கண்டுபிடிப்பது அது. கேள்வித்தாள் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம், ஆனால் பதில் போய்ச் சேரும் இடம் வேறு. கடிதத்தில் இது எந்த வகை என்று தெளிவாக இல்லாவிட்டால் முதலில் அதைக் கேளுங்கள். கீழே வரும் பதில்களில் பாதி அதைப் பொறுத்துத்தான் மாறும்.

என்னென்ன கேப்பாங்க?

பெரும்பாலும் ஏற்கெனவே சோதித்துப் பார்த்த கேள்வித்தாள்களைத்தான் எடுத்துக்கொள்வார்கள். எஸ்டிக்யூ என்பதில் 25 வாக்கியங்கள் இருக்கும். கவலை, கோபம், கவனச் சிதறல், நண்பர்களுடன் பழகுவது, பிறருக்கு உதவுவது பற்றியவை. ஒவ்வொன்றுக்கும் உண்மை, ஓரளவு உண்மை, உண்மையில்லை என்று குறிக்க வேண்டும். பிஎச்க்யூ-9 கடந்த இரண்டு வாரங்களின் மனச்சோர்வைப் பற்றி ஒன்பது கேள்விகள் கேட்கிறது. அதில் ஒன்பதாவது, செத்துப்போனால் தேவலை என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ எண்ணம் வந்ததா என்று நேரடியாகக் கேட்கும். அதைப் பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

கேள்வித்தாளை முழுமையாகப் பார்க்க வேண்டும் என்று பெற்றோர் கேட்டால் கணக்கெடுப்புக்கு முன்பே காட்ட வேண்டும். "காட்டினால் பிள்ளைகள் பதிலைத் தயார் செய்துகொண்டு வருவார்கள்" என்று மறுப்பதில் பொருள் இல்லை. இது பரீட்சை இல்லையே.

பள்ளிக்கூடம் அனுமதி கொடுத்தாச்சே, அப்புறம் எங்க கையெழுத்து எதுக்கு?

தலைமையாசிரியர் கொடுப்பது வளாகத்துக்குள் வர, ஒரு பாடவேளையை எடுத்துக்கொள்ள அனுமதி. உங்கள் பிள்ளையின் மனதில் இருப்பதை இன்னொருவரிடம் எடுத்துக் கொடுக்கும் உரிமை அவரிடம் இல்லை. ஆய்வுத் திட்டங்களைப் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழு கொடுக்கும் ஒப்புதலும் அப்படித்தான். ஆய்வு முறையாகத் திட்டமிடப்பட்டிருக்கிறது என்பதற்கான சான்று அது, அவ்வளவே. பள்ளி, நெறிமுறைக் குழு, பெற்றோர், மாணவர் என்று நான்கு இடங்களில் சரி என்ற பதில் வர வேண்டும். ஒன்று இன்னொன்றுக்கு ஈடாகாது.

நாங்க கையெழுத்துப் போட்டுட்டோம். பையன்கிட்ட வேற தனியா கேக்கணுமா?

கேட்கத்தான் வேண்டும். உங்கள் கையெழுத்து அவனைக் கேட்பதற்கான அனுமதி மட்டுமே. அவன் இசைந்தால்தான் பங்கேற்பு. 1989-இல் ஐநா ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை குழந்தைக்கு உண்டு என்கிறது. உலக மருத்துவச் சங்கம் 1964-இல் வெளியிட்டு, பிறகு பலமுறை திருத்திய ஹெல்சிங்கிப் பிரகடனமும், சட்டப்படி ஒப்புதல் தர முடியாதவர் மறுத்தால் அந்த மறுப்பை மதிக்க வேண்டும் என்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் 7 முதல் 11 வயது வரை வாய்மொழியாகவும், 12 வயதுக்கு மேல் எழுத்திலும் பிள்ளையின் இசைவைப் பெறச் சொல்கின்றன.

எப்படிக் கேட்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். வகுப்பில் எல்லாரையும் உட்கார வைத்து, தாளைக் கையில் கொடுத்துவிட்டு, "யாருக்காவது விருப்பமில்லை என்றால் கையைத் தூக்குங்கள்" என்றால் எந்தப் பிள்ளை தூக்கும்? அங்கே மறுக்க வழியே வைக்கவில்லை. ஒரு திட்டத்தை என்னிடம் காட்டினால், ஒரு கூச்சமான பிள்ளை யார் கண்ணிலும் படாமல் இதிலிருந்து விலக முடியுமா என்றுதான் முதலில் தேடுவேன்.

அவன் வேண்டாங்கிறான், நாங்க சரிங்கிறோம். யார் பேச்சு செல்லும்?

அவன் பேச்சு. இதில் பேரம் கிடையாது. வீட்டில் வைத்து வற்புறுத்திச் சம்மதிக்க வைப்பதும் வேண்டாம்.

தலைகீழாக இருந்தால், அதாவது பிள்ளை சரி என்று பெற்றோர் வேண்டாம் என்றால், பொதுவாகப் பெற்றோர் மறுப்பு நிற்கும். விதிவிலக்குகள் உண்டு. வீட்டில் நடக்கும் கொடுமையைப் பற்றிய ஆய்வில், கொடுமை செய்பவரிடமே போய்க் கையெழுத்துக் கேட்பது பிள்ளைக்கு ஆபத்து. அப்படிப்பட்ட இடங்களில் பெற்றோர் ஒப்புதலை நெறிமுறைக் குழு தள்ளுபடி செய்யலாம். அதை ஆய்வாளர் தானாக முடிவு செய்யக் கூடாது. பிரிட்டனில் 1985-இல் வந்த கில்லிக் தீர்ப்புக்குப் பிறகு, 16 வயதுக்குக் கீழே இருந்தாலும் விஷயத்தை முழுமையாகப் புரிந்துகொள்ளும் பிள்ளை தன் மருத்துவ விஷயத்தில் தானே ஒப்புதல் தரலாம் என்ற நிலை வந்தது. அது மருத்துவ ஆலோசனை பற்றிய தீர்ப்பு. ஆய்வுக்கு அதை அப்படியே இழுத்துப் பொருத்த முடியாது என்றாலும், வயதை மட்டும் பார்க்காமல் புரிதலையும் பார்க்கும் பழக்கம் அங்கிருந்து பரவியது. 18 நிரம்பிய மாணவர் வகுப்பில் இருந்தால் அவர் கையெழுத்தே போதும்.

"ஆட்சேபம் இருந்தால் மட்டும் தெரிவிக்கவும்"னு சீட்டு வந்தது. பதில் அனுப்பலைன்னா சம்மதம்னு எடுத்துக்குவாங்களாம். இது சரியா?

இதற்கு ஒரே வரியில் பதில் இல்லை. பெயர் இல்லாத, பொதுவான கேள்விகள் மட்டும் உள்ள கணக்கெடுப்புக்குப் பல இடங்களில் இந்த முறையை அனுமதிக்கிறார்கள். சீட்டு உண்மையிலேயே எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்ததா, பெற்றோர் படிக்கக்கூடிய மொழியில் இருந்ததா, மறுக்கப் போதிய நாள் கொடுத்தார்களா, மறுப்பதற்கு ஒரு குறுஞ்செய்தி போதுமா அல்லது நேரில் வந்து காரணம் சொல்ல வேண்டுமா என்பதெல்லாம் சேர்ந்துதான் அது நியாயமா என்று தீர்மானிக்கும். புத்தகப் பையின் அடியில் கசங்கிக் கிடக்கும் சீட்டைப் பெற்றோரின் மௌன சம்மதம் என்று கணக்கில் எழுதுவது எனக்கு ஒப்பவில்லை.

1973-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இப்படி ஒரு விவகாரம் நீதிமன்றம் வரை போனது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் பிற்காலத்தில் போதைப் பழக்கத்துக்குப் போகக்கூடியவர்கள் யார் என்று கண்டறிய ஒரு திட்டம் போட்டார்கள். சிறு வயதில் பெற்றோர் தூங்கப் போகுமுன் அணைத்து முத்தமிட்டார்களா என்பது வரை கேள்வித்தாளில் இருந்தது. பதில் வராவிட்டால் சம்மதம் என்பதுதான் முதலில் ஏற்பாடு. திட்டத்தின் நல்ல பக்கத்தை மட்டும் பெற்றோருக்குச் சொல்லி, பிள்ளைக்குத் தவறான முத்திரை விழும் ஆபத்தைச் சொல்லவில்லை என்பதை நீதிமன்றம் பிடித்துக்கொண்டது. அப்படிப் பெறுவது முறையான ஒப்புதல் ஆகாது என்று திட்டத்துக்குத் தடை விதித்தது. அங்கே பெயரோடு ஆளைத் தேடும் நோக்கம் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஸ்கிரீனிங்குக்கு மௌன சம்மதம் போதவே போதாது.

கையெழுத்து வாங்கினாத்தான் சேர்க்கணும்னா பாதிப் பேர்கூட வரமாட்டாங்களே? ஆய்வே பாழாயிடுமே?

ஆய்வாளர்களின் இந்தப் புலம்பலில் நியாயம் இருக்கிறது. எழுத்துப்பூர்வ ஒப்புதல் கேட்டால் பங்கேற்பு கணிசமாகக் குறைகிறது என்பது பல ஆய்வுகளில் தெரிந்த விஷயம். விடுபடுபவர்கள் எல்லாரையும் போன்றவர்களாக இருந்தால்கூடப் பரவாயில்லை. ஆனால் வீட்டில் கவனிக்க ஆளில்லாத, பள்ளிக்கு ஒழுங்காக வராத, அதிகத் தொல்லையில் இருக்கும் பிள்ளைகள்தான் கூடுதலாக விடுபடுகிறார்கள். முடிவில் எல்லாரும் நன்றாக இருப்பதாக ஒரு பொய்யான படம் கிடைக்கும். அதை நம்பி ஆலோசகர் பணியிடத்தைக் குறைத்தால் அடிபடுவது அதே பிள்ளைகள்தான்.

ஆனால் படிவம் திரும்பி வராத வீடுகளில் பெரும்பாலானவை மறுத்த வீடுகள் இல்லை. தாள் தொலைந்திருக்கும், மறந்திருப்பார்கள். அதற்கு மருந்து நினைவூட்டல், பெற்றோர் கூட்டத்தில் நேரில் விளக்குவது, தொலைபேசி வழி ஒப்புதல், இரண்டாவது படிவம். பரிசு கொடுப்பதானால் "சரி" என்றோ "வேண்டாம்" என்றோ எதைக் குறித்திருந்தாலும் படிவத்தைத் திருப்பிக் கொடுத்த எல்லாருக்கும் கொடுங்கள். வகுப்பில் எல்லாரும் கலந்துகொண்டால்தான் கொண்டாட்டம் என்று மட்டும் அறிவித்துவிடாதீர்கள். மறுத்த ஒரு பிள்ளையை மற்ற பிள்ளைகள் அன்றைக்கு என்ன பாடு படுத்துவார்கள் என்று யோசியுங்கள்.

படிவத்துல என்ன இருந்தா நம்பிக் கையெழுத்துப் போடலாம்?

யார் நடத்துகிறார்கள், யார் பணம் தருகிறார்கள், எதற்காக, எவ்வளவு நேரம், எந்த மாதிரிக் கேள்விகள், பதில்களை யார் பார்ப்பார்கள், எங்கே எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள், ரகசியம் எந்த இடத்தில் உடையும், மறுத்தால் மதிப்பெண்ணிலோ நடத்தும் விதத்திலோ மாற்றம் வராது என்ற உறுதி, சந்தேகம் கேட்க ஒரு மனிதரின் பெயரும் எண்ணும். இவ்வளவும் எளிய மொழியில் இரண்டு பக்கத்துக்குள் அடங்கும்.

"மாணவர் நலத் திட்டம்" என்று தலைப்பிட்டு மனநலம் என்ற சொல்லே வராமல் எழுதிய கடிதங்கள் உண்டு. பெற்றோர் பயந்துவிடுவார்கள் என்று அப்படி எழுதுகிறார்கள். பிள்ளை வீட்டுக்கு வந்து ஒன்பதாவது கேள்வியைச் சொன்ன பிறகு அந்தப் பெற்றோர் எந்த ஆய்வையும் நம்ப மாட்டார்கள்.

பெயர் எழுத வேண்டாம்னு சொல்றாங்க. அப்ப யாருக்கும் தெரியாதுதானே?

அவசரப்பட வேண்டாம். பெயர் இல்லாதது வேறு, ரகசியமாக வைப்பது வேறு. முதலாவதில் யார் எழுதினார்கள் என்று ஆய்வாளருக்கே தெரியாது. இரண்டாவதில் அவருக்குத் தெரியும், அல்லது ஒரு குறியீட்டு எண்ணை வைத்துத் தெரிந்துகொள்ள முடியும். ஆனால் வெளியே சொல்லமாட்டேன் என்கிறார். படிவத்தில் இந்த இரண்டையும் குழப்பி எழுதியிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். தாளின் மூலையில் ஒரு வரிசை எண் அச்சாகியிருந்தால், அந்த எண் எதற்கு என்று கேளுங்கள்.

பெயர் இல்லாமலும் ஆளைக் கண்டுபிடிக்கலாம். வகுப்பு, பிரிவு, பாலினம், பிறந்த மாதம், உடன்பிறந்தவர் எத்தனை பேர், வீட்டில் பேசும் மொழி என்று வரிசையாகக் கேட்டால் முப்பது பேர் உள்ள வகுப்பில் பலர் தனித்துத் தெரிந்துவிடுவார்கள். வேறு மொழி பேசும் மாணவி ஒருத்திதான் அந்தப் பிரிவில் இருக்கிறாள் என்றால், அவள் தாளில் பெயர் எழுதிய மாதிரிதான். தேவைப்படாத விவரத்தைக் கேட்காமல் விடுவதே இதற்கு நல்ல பாதுகாப்பு. வெளியிடும் அட்டவணையிலும் ஒரு கட்டத்தில் மிகச் சிலரே இருந்தால் அந்த எண்ணை மறைப்பார்கள், அல்லது பக்கத்துக் கட்டத்தோடு சேர்ப்பார்கள். "பத்தாம் வகுப்பு, ஆ பிரிவு, மாணவிகள்: 2 பேர்" என்று ஓர் அறிக்கையில் வந்தால் மறுநாள் பள்ளியில் அந்த இரண்டு பேர் யார் என்பதுதான் பேச்சாக இருக்கும்.

கம்ப்யூட்டர் லேப்ல, கூகுள் ஃபார்ம்ல நிரப்பச் சொல்றாங்க. அது பாதுகாப்பானதா?

அமைத்த விதத்தைப் பொறுத்தது. படிவம் மின்னஞ்சல் முகவரியைத் தானாகச் சேமிக்கும்படி இருக்கலாம். பள்ளி கொடுத்த கணக்கில் நுழைந்துதான் திறக்க முடியும் என்றால் பெயர் இல்லை என்ற வாக்குறுதி அங்கேயே சந்தேகத்துக்கு உரியது. பதில் பதிவான நேரத்தையும் எந்தக் கணினியில் யார் உட்கார்ந்தார் என்பதையும் பொருத்திப் பார்த்தாலும் ஆள் தெரிந்துவிடும். பள்ளிக் கணினிகளில் திரையைக் கண்காணிக்கும் மென்பொருள் இருந்தால் அந்த நேரத்துக்கு அதை நிறுத்த வேண்டும். உடல்நலம், மனநலம் பற்றிய தகவலை ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூடுதல் காவல் தேவைப்படும் வகையில் வைத்திருக்கிறது. இந்தியாவின் 2023 சட்டம் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரின் மின்வழித் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது.

டீச்சர் பக்கத்துல நிக்கும்போது எப்படி உண்மையை எழுதறது?

மாணவர் ஒருவர் கேட்டது. எழுத முடியாதுதான். பாடம் நடத்துபவர், மதிப்பெண் போடுபவர் அறையை விட்டு வெளியே இருக்க வேண்டும், அல்லது தாள் தெரியாத தூரத்தில் அமர வேண்டும். விளக்குவதும் தாளைச் சேகரிப்பதும் வெளியிலிருந்து வந்தவரின் வேலை. ஒவ்வொருவருக்கும் ஓர் உறை. எழுதியதும் தானே ஒட்டி, தானே பெட்டியில் போட வேண்டும்.

பலர் யோசிக்காமல் விடும் ஒரு விஷயம், பக்கத்து இருக்கை. "ஆம் என்றால் கீழுள்ள எட்டுக் கேள்விகளுக்கும் பதில் எழுதுக, இல்லை என்றால் அடுத்த பக்கம் செல்க" என்று இருந்தால், தாளைப் பார்க்காமலேயே பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரிந்துவிடும். இவன் மட்டும் இன்னும் எழுதிக்கொண்டே இருக்கிறானே என்று பார்ப்பான். அதனால் இல்லை என்பவர்களுக்கும் அதே நீளத்தில் வேறு கேள்விகள் வைக்க வேண்டும். பங்கேற்காத பிள்ளைகளுக்கும் அதே போன்ற தாளில் வேறு ஏதாவது வேலை கொடுக்கலாம். அவர்களை எழுப்பி நூலகத்துக்கு அனுப்பினால் யார் மறுத்தார்கள் என்று பள்ளிக்கே தெரிந்துவிடும்.

எழுதப் பிடிக்கலைன்னா ஏதோ ஒண்ணு கிறுக்கிட்டுப் போயிடலாமா?

காலியாக விடு. அதற்கு உனக்கு உரிமை இருக்கிறது. ஒரு கேள்வியை மட்டும் விடலாம், முழுத் தாளையும் விடலாம். இது தெரியாததால்தான் பலர் கிறுக்குகிறார்கள்.

விளையாட்டுக்கு எழுதுவதும் நடக்கிறது. அமெரிக்காவில் ஆட் ஹெல்த் என்ற பெரிய ஆய்வில், செயற்கைக் கை அல்லது கால் பொருத்தியிருப்பதாகப் பள்ளியில் எழுதிக்கொடுத்த பலரை வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது, அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அப்படி எதுவும் இல்லை என்று தெரியவந்தது. இப்படிச் சிலர் செய்தால், உண்மையிலேயே அந்த நிலையில் இருக்கும் சிறு குழுவைப் பற்றிய கணக்கு தப்பாகிவிடும். ஆசிரியர்கள் இதைப் பிள்ளைகளின் குறும்பு என்று மட்டும் பார்க்க வேண்டாம். கட்டாயம் என்று நினைத்து எழுத உட்கார்ந்தவர்களும் இதைத்தான் செய்வார்கள்.

தற்கொலை பத்திக் கேட்டா, இல்லாத எண்ணம் வந்துடாதா?

பெற்றோர் கூட்டத்தில் எல்லாரும் மனதில் வைத்திருந்து யாரோ ஒருவர் கேட்கும் கேள்வி இது. நேரடியாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2005-இல் வெளியான ஓர் ஆய்வில் நியூயார்க் மாநிலத்தின் ஆறு உயர்நிலைப் பள்ளிகளில் 2,342 மாணவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியிடம் மட்டும் முதல் நாளில் தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்டார்கள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது, கேட்கப்பட்டவர்களிடம் மனவருத்தமோ அந்த எண்ணமோ கூடியிருக்கவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வு இருந்தவர்களிலும் கேட்டதால் கெடுதல் வந்ததாகத் தெரியவில்லை. பிறகு வந்த தொகுப்பு ஆய்வுகளும் இதையே சொல்கின்றன.

அதற்காக எப்படி வேண்டுமானாலும் கேட்கலாம் என்றாகாது. எண்ணம் வந்ததா என்று கேட்பது வேறு, வழிமுறைகளைப் பட்டியல் போட்டு எது என்று கேட்பது வேறு. இரண்டாவது பள்ளிக் கணக்கெடுப்பில் தேவையே இல்லை. கடைசிக் கேள்வியாக இதை வைத்து, மணி அடித்ததும் பிள்ளையை வெளியே அனுப்புவதும் சரியில்லை. நடுவில் வைத்துவிட்டு, யாரிடம் பேசினால் மனம் லேசாகும், எது பிடிக்கும் என்பது போன்ற கேள்விகளோடு முடிப்பது நல்ல வழக்கம்.

அப்படி ஒரு பதில் வந்தா என்ன செய்வீங்க? ரகசியம்னு சொன்னீங்களே?

ரகசியத்துக்கு எல்லை உண்டு. அந்த எல்லையைப் பிள்ளை பேனாவை எடுப்பதற்கு முன்பே சொல்லியாக வேண்டும். "நீ எழுதுவதை உன் ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ சொல்லமாட்டோம். ஆனால் உன் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்று தெரிந்தாலும், யாராவது உன்னைத் துன்புறுத்துவது தெரிந்தாலும், உன்னைக் காக்க ஒருவரிடம் சொல்ல வேண்டியிருக்கும். சொல்வதற்கு முன் உன்னிடம் பேசுவோம்." இந்த அளவுக்கு வெளிப்படையாகச் சொன்னால் போதும். இப்படிச் சொன்னால் சிலர் உண்மையை எழுதமாட்டார்கள். பரவாயில்லை. சொல்லாமல் வாங்கிவிட்டுப் பிறகு வெளியே சொல்வது நம்பிக்கைத் துரோகம். குழந்தைகள் மீதான பாலியல் கொடுமையைப் பற்றித் தெரிந்தால் அதிகாரிகளிடம் சொல்வது பல நாடுகளில் சட்டக் கட்டாயம். ஆய்வாளர் என்பதால் விலக்குக் கிடைக்காது.

பெயரோ குறியீட்டு எண்ணோ உள்ள கணக்கெடுப்பு என்றால், அந்தத் தாளை யார் பார்ப்பார், எத்தனை மணி நேரத்துக்குள் பார்ப்பார், பிள்ளையிடம் யார் பேசுவார், எந்த மருத்துவரிடம் அனுப்புவார்கள் என்பதெல்லாம் முன்னதாக எழுதி வைத்திருக்க வேண்டும். தாள்களைக் கட்டிப் பெட்டியில் வைத்து இரண்டு மாதம் கழித்து எண்ண உட்காரும் குழு ஒன்பதாவது கேள்வியைக் கேட்கவே கூடாது.

சரி, பேரே இல்லாத கணக்கெடுப்புல அப்படிப் பதில் வந்தா?

இதுதான் இருப்பதிலேயே சிக்கலானது. ஒரு பிள்ளை உதவி கேட்கிறது, யார் என்று தெரியாது. கையெழுத்தை வைத்துத் துப்பறியலாமே என்று யாராவது சொல்வார்கள். கூடாது. கொடுத்த வாக்கை அப்படி உடைத்தால் அந்தப் பள்ளியில் இனி யாரும் எதையும் எழுதமாட்டார்கள்.

முன்கூட்டியே செய்யக்கூடியவை சில உண்டு. கேள்வித்தாளோடு தனியாக ஒரு சிறு சீட்டு வைத்து, "யாரிடமாவது பேச விரும்பினால் இதில் பெயர் எழுதி வேறு பெட்டியில் போடு" என்று சொல்லலாம். எல்லாரும் ஏதாவது எழுதி அல்லது காலியாகப் போட வேண்டும் என்று வைத்தால் யார் கேட்டார்கள் என்று தெரியாது. அன்றைக்கும் அடுத்த சில நாட்களுக்கும் ஓர் ஆலோசகர் பள்ளியில் இருக்க வேண்டும். குறிப்பிட்ட ஒரு வகுப்பில் இப்படிப்பட்ட பதில் வந்திருந்தால், அந்த வகுப்பைத் தனியாகக் குறிவைக்காமல் பள்ளி முழுவதிலும் உதவி பற்றிப் பேசலாம். எதற்கும் வசதி இல்லை என்றால் அந்தக் கேள்வியை விட்டுவிடலாம். பிஎச்க்யூ-8 என்று ஒரு வடிவம் உண்டு. ஒன்பதாவது கேள்வி இல்லாத அதே தாள்தான். மனச்சோர்வின் அளவு தெரிய அதுவே போதும்.

கடைசிப் பக்கத்துல உதவி எண் போட்டாச்சு. போதாதா?

போடுவதற்கு முன் அந்த எண்ணை ஒரு முறை நீங்களே கூப்பிட்டுப் பாருங்கள். யாராவது எடுக்கிறார்களா, பிள்ளையின் மொழியில் பேசுகிறார்களா, பள்ளி முடிந்த பிறகும் வேலை செய்கிறதா? கைப்பேசி இல்லாத பிள்ளை எப்படிக் கூப்பிடும்? எண் அவசியம், ஆனால் முந்தைய இரண்டு பதில்களில் சொன்ன ஏற்பாடுகளுக்கு அது ஈடாகாது. அந்தப் பக்கத்தை எல்லாருக்கும் கொடுங்கள். கவலையான பதில் எழுதியவருக்கு மட்டும் கொடுத்தால் அதுவே அடையாளமாகிவிடும்.

மனச்சோர்வுக் கேள்வித்தாள்ல யாருக்கு மதிப்பெண் அதிகம்னு ஒரு பட்டியல் கொடுத்தா நாங்களே பாத்துக்குவோமே?

தலைமையாசிரியர்கள் நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறார்கள். ஆனால் கணக்கெடுப்பு என்று சொல்லி ஒப்புதல் வாங்கியதை ஸ்கிரீனிங்காக மாற்றச் சொல்கிறார்கள். யாரும் அதற்குக் கையெழுத்துப் போடவில்லை.

பட்டியல் எவ்வளவு சரியாக இருக்கும் என்றும் பாருங்கள். ஒரு கணக்குப் போடுவோம். 1,000 மாணவர்கள், அவர்களில் 100 பேருக்கு உண்மையில் சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வு என்று வைத்துக்கொள்வோம். கேள்வித்தாள் பாதிக்கப்பட்டவர்களில் 80 சதவீதத்தைச் சரியாகப் பிடிக்கிறது, பாதிக்கப்படாதவர்களில் 80 சதவீதத்தைச் சரியாக விடுகிறது. அப்படியானால் 80 பேரைச் சரியாகப் பிடிக்கும், மீதி 900 பேரில் 180 பேரைத் தவறாகப் பிடிக்கும். 260 பேர் உள்ள பட்டியலில் மூன்றில் ஒருவர்கூட உண்மையான நோயாளி இல்லை. விடுபட்ட 20 பேர் பட்டியலிலேயே இல்லை. அடுத்து ஒரு மருத்துவர் தனித்தனியாகப் பேசிப் பார்க்கும் ஏற்பாடு இருந்தால் இது பரவாயில்லை. ஆசிரியர் அறை மேசையில் கிடந்தால் 180 பிள்ளைகளுக்கு ஒரு முத்திரை விழும். பள்ளிக்கு உதவி வேண்டும் என்றால் ஸ்கிரீனிங் என்று வெளிப்படையாகச் சொல்லி, புதிதாக ஒப்புதல் வாங்கி, பின்னால் ஆலோசகரை நிறுத்திவிட்டுச் செய்யட்டும்.

என் பிள்ளை என்ன எழுதினான்னு நான் பாக்கலாமா?

வெற்றுத்தாளைப் பார்க்கலாம், நிரப்பிய தாளைப் பார்க்க முடியாது. பெயர் இல்லாத கணக்கெடுப்பில் எது உங்கள் பிள்ளையுடையது என்று கொடுப்பவருக்கே தெரியாது. பெயர் உள்ளதில், தரவைக் கேட்கும் உரிமை சில நாட்டுச் சட்டங்களில் பெற்றோருக்கு உண்டு. அங்கே அதைப் பிள்ளையிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். வீட்டுக்கு வந்ததும் "என்ன எழுதினாய்?" என்று குடைய வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

எழுதிக் கொடுத்த பிறகு வேண்டாம்னு தோணினா?

பெயர் இல்லாத தாளைப் பெட்டியில் போட்ட பிறகு திரும்ப எடுக்க முடியாது. அதைப் போடுமுன்பே சொல்ல வேண்டும். குறியீட்டு எண் இருந்தால் குறிப்பிட்ட தேதி வரை நீக்கச் சொல்லலாம். அந்தத் தேதியும் படிவத்தில் இருக்க வேண்டும்.

ஒரு வருஷம் கழிச்சு மறுபடி வர்றாங்க. பேரு இல்லாம எப்படி அதே ஆளுன்னு கண்டுபிடிப்பாங்க? மறுபடி கையெழுத்து வேணுமா?

பிள்ளையே ஒரு குறியீட்டை உருவாக்குவது ஒரு வழி. அம்மாவின் பெயரில் முதல் இரண்டு எழுத்து, தான் பிறந்த மாதம், தன் பெயரின் கடைசி எழுத்து என்று அவருக்கு மட்டும் எளிதாக நினைவில் நிற்கும் துண்டுகளைச் சேர்ப்பார்கள். முழுமையாகப் பொருந்தாமல் சில தாள்கள் வீணாகும். மேலே பெயர் பற்றிச் சொன்ன ஆபத்து இதற்கும் உண்டு. அம்மாவின் பெயர் தெரிந்த வகுப்பாசிரியருக்கு அது பெரிய புதிர் இல்லை. அதனால் குறியீடு உள்ள தாள் பள்ளியில் ஓர் இரவுகூட இருக்கக் கூடாது.

முதல் படிவத்திலேயே எத்தனை முறை என்று சொல்லியிருந்தால் பெற்றோர் ஒப்புதல் தொடரலாம். பிள்ளையிடம் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். 14 வயதில் சரி என்றவர் 15 வயதில் வேண்டாம் என்பார், இயல்புதான். இடையில் 18 ஆகிவிட்டால் இனி அவரின் சொந்த ஒப்புதல்.

சேர்த்த தகவலை வேற ஒரு ஆய்வுக்கோ, செயலி நடத்துற கம்பெனிக்கோ கொடுக்கலாமா?

முதல் படிவத்தில் அதற்கு இடம் இருந்ததா என்று பாருங்கள். அடையாளங்களை முழுமையாக நீக்கிய தரவை மற்ற ஆய்வாளர்களுடன் பகிர்வோம் என்று சொல்லியிருந்தால், நெறிமுறைக் குழுவின் பார்வையோடு பகிரலாம். அதே பிள்ளைகளுக்கு மறுபடி தொல்லை கொடுக்காமல் புதிய விடைகள் கிடைப்பது நல்லதுதான். நிறுவனத்துக்குக் கொடுப்பது வேறு கதை. இலவசமாகக் கணக்கெடுப்பு நடத்தித் தருகிறோம் என்று வருபவரிடம், தரவு யாருக்குச் சொந்தம், எப்போது அழிப்பீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வரும்வரை தேதி கொடுக்க வேண்டாம்.

இது ஆராய்ச்சியே இல்ல, ஸ்கூலே உள்ளுக்குள்ள நடத்துது. இதுக்கும் இவ்வளவு சம்பிரதாயமா?

நெறிமுறைக் குழு கட்டாயமா என்பது இடத்துக்கு இடம் மாறும். பிள்ளையின் பக்கத்திலிருந்து பார்த்தால் ஆபத்து கூடத்தான் செய்கிறது. பதிலைப் படிக்கப்போவது தினமும் முகத்தைப் பார்க்கும் ஆசிரியர். அமெரிக்காவில் 1978 முதல் உள்ள ஒரு சட்டம், மத்திய கல்வித் துறைப் பணத்தில் நடக்கும் எதிலும், மனநலப் பிரச்சினை உள்ளிட்ட சில விஷயங்களை வெளிப்படுத்தும் கேள்விகளுக்குப் பதில் சொல்லும்படி மாணவரைக் கட்டாயப்படுத்தப் பெற்றோரின் எழுத்து ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஆராய்ச்சியா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. பள்ளி தானே நடத்தினால் குறைந்தது தாளைச் சேர்ப்பதையும் எண்ணுவதையும் வெளியாளிடம் விடலாம்.

பிளஸ் டூ ப்ராஜெக்ட்டுக்கு நாங்களே கிளாஸ்மேட்ஸ்கிட்ட மனச்சோர்வு பத்தி சர்வே எடுக்கலாமா?

ஆர்வம் நல்லது, தலைப்பை மட்டும் மாற்றுங்கள். நண்பன் கொண்டுவரும் தாளை நண்பனால் மறுக்க முடியாது. யாராவது ஒருவர் பயப்படும்படி எதையாவது எழுதினால் அதைச் சுமக்க வேண்டியது 17 வயதில் இருக்கும் நீங்கள். பிஎச்க்யூ-9-ஐ இணையத்திலிருந்து இறக்கி வகுப்பில் விநியோகிப்பதை எந்த ஆசிரியரும் அனுமதிக்கக் கூடாது.

தூங்கும் நேரம், பரீட்சைக்கு முன் படிக்கும் பழக்கம், பள்ளியில் யாரிடம் உதவி கேட்கலாம் என்று தெரியுமா என்பவை போன்றவற்றைக் கேட்கலாம். அதற்கும் மேலே சொன்ன உறையும் பெட்டியும் வையுங்கள், வேறு வகுப்பில் எடுங்கள், பொறுப்பாசிரியர் ஒருவர் கேள்விகளை முன்பே படித்துப் பார்க்கட்டும். முடிவை எழுதும்போது, எத்தனை பேரிடம் கேட்டீர்கள், எத்தனை பேர் வேண்டாம் என்றார்கள் என்ற எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். யாருமே மறுக்கவில்லை என்றால், எப்படிக் கேட்டீர்கள் என்று நான் கேட்பேன்.